பெற்றோல் எரிக்காத தளபதி

பாலைவனத்தின் நடுவே எதிரியின் விமானத்தளம். ஓடுபாதையின் ஓரத்தில் பீப்பாய் பீப்பாயாகப் பெற்றோல். அதைக் கொளுத்திவிட்டு விடியுமுன் திரும்பிவிட்டால் வெற்றி எங்களுக்கு. காவலுக்கு நின்றவர்களை எல்லாம் மடக்கியாயிற்று. கொளுத்துங்கள் என்றோம். தளபதியாக இருந்தவர் மேசையிலிருந்து கையை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டார்.

"எரிக்க ஏலா," என்றார்.

ஏன் என்று கேட்டதற்கு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார். கீழே கல்முனைத் தெருவில், அவருடைய கடை வாசலையும் தாண்டிப் பெற்றோல் வரிசை நீண்டு கிடந்தது. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், முச்சக்கர வண்டிக்குள் கால் மடக்கித் தூங்கியவர்கள், வெறுங்கேனை வரிசையில் ஆளுக்குப் பதிலாக வைத்துவிட்டுத் தொழப் போனவர்கள்.

"அங்க மனிசன் ஒரு போத்தல் பெற்றோலுக்கு வெயில்ல காயுறான். நான் இஞ்ச மேல இருந்துக்கு இவ்வளத்தையும் பத்தவைக்கவா?"

அவை சோடாப் போத்தல் மூடிகள் என்று நவாஸ் நினைவூட்டினான். பெற்றோல் என்று நம்பித்தானே விளையாடுகிறோம், மூடி என்று நினைத்தால் எரிப்பதில்தான் என்ன வெற்றி இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். கடைசியில் பீப்பாய்களை எல்லாம் எங்கள் லொறிகளில் ஏற்றச் சொன்னார். விதிப்படி பாரம் கூடிய லொறி மணலில் புதையும். புதைந்தது. விடிந்தது. பிடிபட்டோம். தோற்ற தளபதி முகத்தில் ஒரு வாட்டமும் இல்லாமல் மூடிகளைப் பொறுக்கிப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டார். ஒரு சொட்டுப் பெற்றோலும் வீணாகவில்லை அல்லவா.

அவர் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இரண்டு நோன்பு கடந்துவிட்டது. அவரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தோல்விதான்.

நாட்டில் எரிபொருள் இல்லாமல் போன அந்த வருடம் எங்களுக்கு வேலை இருக்கவில்லை. நான் வரலாறு படிப்பிக்கும் பள்ளிக்கூடம் பாதி நாள் மூடிக் கிடந்தது. நவாஸின் பாமசியில் மருந்து இல்லை, மின்விசிறியும் இல்லை. நில அளவையாளன் சிவா திருக்கோவிலுக்குத் திரும்பிப் போகப் பஸ் கிடைக்காமல் கல்முனையிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். சும்மா இருந்த மூன்று பேருக்கு ஷைத்தான் வேலை கொடுக்குமுன் நவாஸ் தன் கைபேசியில் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தான். பழைய உலகப் போர். சில சிப்பாய்கள் லொறிகளில் பாலைவனத்தைக் கடந்துபோய் எதிரியின் விமானத்தளத்தைத் தாக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் தாக்குகிறவர்கள், மறுபக்கம் காக்கிறவர்கள். தாயக்கட்டை உருட்டி, தண்ணீரையும் பெற்றோலையும் பார்த்துப் பார்த்துச் செலவழித்து நகர வேண்டும்.

விதிகள் இலவசம். ஆனால் லொறிக்கும் விமானத்துக்கும் எங்கே போவது? அப்படித்தான் அவரிடம் போனோம்.

அவர் கல்முனையில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். எங்கள் மூவருக்கும் மூத்தவர், ஆகவே காக்கா. விசயத்தைச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தோம். அவர் ஏணியை வைத்துத் தட்டில் ஏறினார். தேய்ந்த பிரேக் கட்டைகள் லொறிகளாக இறங்கி வந்தன. அறுந்த செயினின் கண்ணிகள் சிப்பாய்கள் ஆயின. பற்பசைப் பெட்டிகளை வெட்டி விமானம் செய்தோம். பாலைவனத்துக்கு மருதமுனையிலிருந்து, அவருடைய மனைவியின் ஊரிலிருந்து, ஒரு துணி வந்தது. நெசவில் பிழை விழுந்து யாரும் வாங்காத மணல் நிறச் சாரன் துணி. சிவா அதன் மேல் மேடும் பள்ளமும் வரைந்தான். பாலைவனத்தின் நடுவில் இருந்த ஒரே கிணற்றுக்கு ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான்.

"இதையெல்லாம் ஏன் காக்கா வெச்சிருந்தீங்க?" என்று சிவா கேட்டான்.

"கிடக்கட்டும், உதவும் எண்டுதான்," என்றார். "இப்ப உதவிச்சா இல்லையா?"

கிடக்கட்டும், உதவும். அவருடைய வாழ்க்கையை இந்த இரண்டு சொல்லில் அடக்கிவிடலாம். வளைந்த ஆணியை நிமிர்த்தி வைப்பார். கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் பில் எழுதுவார். பற்பசைக் குழாயை அழுத்திப் பார்த்துவிட்டுப் பிளேட்டால் பிளந்து உள்ளே துலக்கிப் பார்ப்பார். பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவி வுழூச் செய்யும்போது அவருடைய பைப்பில் நூல் மாதிரித்தான் தண்ணீர் ஓடும். தன் வேலை முடிந்ததும் வரிசை நெடுகப் போய், மற்றவர்கள் சரியாகப் பூட்டாத பைப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுத்தான் தொழுகைக்குப் போவார். இவர் தொழ வந்தவரா, பைப் பூட்ட வந்தவரா என்று ஊரில் கேலி இருந்தது.

கலியாண வீட்டில் அவரோடு சஹனில் உட்காருவதென்றால் பொடியன்களுக்குப் பயம். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் கை கழுவப் போன பிறகும் அவர் இருப்பார். எந்தச் சோற்றில் அல்லாஹ்வின் பறக்கத் கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்று சொல்லி, ஓரத்தில் ஒட்டிய பருக்கையைக்கூட விரலால் வழித்து எடுத்துவிடுவார். அவர் சாப்பிட்ட சஹனைக் கழுவத் தேவையில்லை, துடைத்து அடுக்கினால் போதும் என்று சமையல்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். கஞ்சன் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. தன்னிடம் கிடக்கும் எதையும் யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார், வீணாகாமல் இருந்தால் சரி.

இப்படிப்பட்டவரைப் போர்த்தளபதி ஆக்கினால் என்ன நடக்கும்? அவர் பக்கம் விளையாடிய யாரும் வென்றதில்லை. மடக்கிய எதிரிச் சிப்பாய்களை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு வரலாம் என்று விதி இருந்தது. மனிதனை வெயிலில் போட்டுவிட்டு வருவதா என்று அத்தனை கண்ணிகளையும் லொறியில் ஏற்றுவார். ஏற்றினால் தண்ணீர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நம் ஆட்களுக்குக் குறையும். குறையட்டும் என்பார். ஒரு முறை தளத்தில் இருந்த சமையல் பாத்திரங்களையும் கொண்டுவரலாமா என்று கேட்டார். விதியில் அப்படி ஒன்றும் இல்லை என்று நவாஸ் சொன்னான். கொண்டுவரக் கூடாது என்றும் இல்லையே என்று அவர் சொன்னார்.

"காக்கா, நாம சண்டைக்கு வந்தமா, வீடு மாற வந்தமா?" என்றான் சிவா. அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

ஒரே ஒரு விதியில் மட்டும் அவருடைய சிரிப்பு நின்றுவிடும். துரத்திக்கொண்டு வரும் பக்கம் முதலில் கிணற்றை அடைந்தால் அதைத் தூர்த்துவிடலாம். பிறகு அங்கே தண்ணீருக்கு வருகிறவன் தாகத்தில் மடங்குவான். அந்தக் காலப் பாலைவனப் போர்களில் அப்படித்தான் செய்வார்களாம். முதல் முறை சிவா இந்த விதியைப் பயன்படுத்திப் பொத்தானை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டபோது, அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றார். அஸருக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கிழமை முழுவதும், நாங்கள் விளையாடும் கடையின் மேல்மாடி பூட்டிக் கிடந்தது.

சிவாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய எனக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னேன். எதையும் வீணாக்காத மனிதர் கோபத்தையும் வீணாக்கியதில்லை. அதையும் துடைத்து, எண்ணெய் போட்டு, தட்டில் எடுத்து வைத்திருந்தார்.

அவர் பிறந்த வீடு சாய்ந்தமருதில், என் வீட்டுக்கு அடுத்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அது தங்கைக்குச் சீதனமாகப் போனது. அவர் மனைவியின் வீட்டோடு மருதமுனைக்குப் போனார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான். ஆனால் அந்த வளவில் ஒரு கிணறு இருந்தது. அவருடைய வாப்பா வெட்டியது. சுனாமி அன்று கடல் வந்து அதற்குள் இறங்கியது. ஊரில் எத்தனையோ பேர் உப்பாகிப்போன கிணற்றைக் கைவிட்டார்கள். அவர் விடவில்லை. சுபஹு தொழுதுவிட்டு மருதமுனையிலிருந்து சைக்கிளில் வருவார். சேற்றை அள்ளினார், இறைத்தார், மழைக்குப் பொறுத்திருந்தார், மறுபடி இறைத்தார். வரும்போதெல்லாம் ஒரு வாய் எடுத்துப் பார்த்துத் துப்புவார். ஒரு நாள் துப்பவில்லை, விழுங்கிவிட்டார். அன்று எங்கள் வீடு உட்பட அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஆளுக்கொரு கூசா தண்ணீர் வந்தது. பெருநாள் பலகாரம் கொடுப்பதுபோலத் தண்ணீர் கொடுத்தார்.

பிறகு பைப் தண்ணீர் வந்தது. தங்கையின் கணவர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வேன் வாங்கினார். ஊரில் அவருக்கு வேன்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. வளவோ ஒடுக்கம், வேன் நிற்க இடமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்த இவர், கிணற்றுக் கட்டு உடைந்து கிடப்பதையும் உழவு இயந்திரப் பெட்டி உடைகல்லைக் கொட்டுவதையும் தெருவிலிருந்தே கண்டார். உள்ளே போகவில்லை. கிணற்றைத் தூர்க்கிறவன் வீட்டில் இனித் தண்ணி வாயில் வைக்கமாட்டேன் என்று தெரு கேட்கச் சத்தம் போட்டுவிட்டு சைக்கிளைத் திருப்பினார். எனக்கு அப்போது கோமாரியில் ஆசிரிய நியமனம், நான் அதைப் பார்க்கவில்லை. மாற்றம் கிடைத்து ஊருக்கு வந்தபோது கிணறு இருந்த இடத்தில் சீமெந்துத் தரையும் அதன் மேல் வேனும் நின்றன. கிணறு அவ்வளவுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நாலு வருடம் மச்சானும் மச்சானும் கதைக்கவில்லை. தங்கையோடு அவர் கதைப்பார், ஆனால் தெருவில், அல்லது மருதமுனையில். அவள் கிணறு என்று வாயெடுத்தால் உடனே தொப்பி தலைக்கு ஏறிவிடும். நோன்பு காலத்தில் அந்தத் தங்கை, எனக்கு மூத்தவள், ஆகவே ராத்தா, என்னிடம் தூக்குச் சட்டியில் கஞ்சி தந்து காக்காவுக்குக் கொடுத்தனுப்புவாள். அந்த வீட்டில் வாய் நனைக்கமாட்டேன் என்றவருக்கு, வீட்டை விட்டு வெளியே வந்த கஞ்சியைப் பற்றி ஆட்சேபம் இருக்கவில்லை. கடையிலேயே நோன்பு திறந்து, சட்டியை வழித்துக் குடித்துவிட்டு, ஊரில் எத்தனை பள்ளியில் கஞ்சி காய்ச்சினாலும் இவள் கைக்கு வராது என்பார். கழுவத் தேவையில்லாத சட்டியைத்தான் நான் திருப்பிக் கொண்டுபோவேன்.

எங்கள் விளையாட்டு சூடுபிடித்திருந்த நேரத்தில் ராத்தாவின் மகளுக்கு நிக்காஹ் நாள் குறித்தார்கள். மாமாவுக்குத்தான் முதல் அழைப்பு. வீட்டுக்காரர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். ஆள் விட்டுச் சொன்னால் அது அழைப்பில்லை. வேன்காரர், அவர் முதலில் வாய் திறக்கட்டும், அதற்குப் பிறகு போகிறேன் என்றார். இவர், அவர் வந்து சொல்லட்டும், அதற்குப் பிறகு வருகிறேன் என்றார். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ராத்தா வேலிப் பக்கம் வந்து நின்று என் மனைவியிடம் அழுதாள்.

"காக்கா இல்லாத கலியாணத்துல நான் எப்பிடி புள்ள சிரிச்சிக்கிட்டு நிக்கிற?"

அதைக் கேட்ட பிறகு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நவாஸிடம் சொன்னேன். அவன் மருந்து கலக்குகிறவன், இதையும் கலக்கிப் பார்ப்போம் என்றான். டீசல் இல்லாமல் வேன் அசையாததால் வேன்காரர் வீட்டில் சும்மா இருந்து, தாம் பலகையை விரித்து விளையாட ஆள் தேடிக்கொண்டிருந்தார். எதிரிப் பக்கம் விளையாட ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டோம். எதிரி யார் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மேல்மாடிக்கு வந்தபோது புதுச் சட்டை போட்டிருந்தார், ஆகவே தெரிந்துதான் வந்தார்.

காக்கா பாலைவனத்தின் மேற்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. ஆனாலும் கீழே ஆள் விட்டு ஐந்து தேநீர் சொல்லியிருந்தார். வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் கோபப்படவும் அவருக்குத் தெரியாது.

அன்றைய போர் முழுவதும் நவாஸின் வாய் வழியாகவே நடந்தது. நவாஸ், அங்கால இருக்கிறவருக்குச் சொல்லு, அவருடைய காவலாளி தூங்கிவிட்டான் என்று இவர் சொல்வார். நவாஸ், இஞ்சால இருக்கிறவருக்குச் சொல்லு, தாயத்தைப் பார்க்கச் சொல்லு, தூங்கவில்லை என்று வேன்காரர் சொல்வார். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் துணிதான் இருந்தது. சிவா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

விமானங்களை அவர் எரித்தார், அதில் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை. பெற்றோல் பக்கம் வந்ததும் வழக்கம்போல எல்லாவற்றையும் லொறியில் ஏற்றினார். கைதிகளையும் ஏற்றினார். அன்று எனக்கே ஆத்திரம் வந்தது. ஒரு நாளாவது வெல்லுங்கள் காக்கா என்று காதுக்குள் சொன்னேன். கேட்கவில்லை. பாதி வழி வருவதற்குள் தண்ணீர் முடிந்துவிட்டது. கிணற்றுக்குப் போக வேண்டும், வேறு வழியில்லை. லொறிகள் பாரத்தில் ஊர்ந்தன. வேன்காரர் தாயத்தை உருட்டினார். அவருடைய காவல் வண்டி வெள்ளைப் பொத்தானின் மேல் முதலில் போய் நின்றது.

நவாஸ் விதியைப் படிக்க வேண்டும். படிக்காமல் தொண்டையைச் செருமினான். கீழே பெற்றோல் வரிசையில் யாரோ யாரையோ ஏசுவது கேட்டது. இவருடைய கை மெதுவாகப் பக்கத்தில் இருந்த தொப்பியைத் தொட்டது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, இனிக் கலியாணத்துக்கும் வரமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தொப்பியை எடுக்கவில்லை. பொத்தானைப் பார்த்தபடியே, நவாஸை இடையில் வைக்காமல் பேசினார்.

"தூருங்க மச்சான். உங்களுக்குப் பழகின வேலதானே."

வேன்காரர் தாயக்கட்டையை மேசையில் வைத்தார். எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நீங்க எல்லாரும் சாட்சி," என்றார். "முதல்ல வாய் திறந்தது அவர்தான்."

சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு கலியாணக் கார்டை எடுத்துப் பாலைவனத்தின் மேல் வைத்தார். மடித்து மடித்து அதன் ஓரம் நைந்திருந்தது. எத்தனை சட்டை மாறியதோ தெரியாது.

"தங்கச்சிர மகளுக்கு நிக்காஹ். நீங்க குடும்பத்தோட வரணும்."

இவர் கார்டைத் தொடவில்லை. கிணற்றைத் தூர்த்த வீட்டில் என்று தொடங்கினார். வேன்காரர் தன் தேநீர்க் கோப்பையைத் தூக்கி, அதன் அடியிலிருந்த பீரிசை எடுத்து, அந்தச் சட்டைப் பொத்தானின் மேல் கவிழ்த்து வைத்தார்.

"இதுதான் நான் செஞ்ச வேல. கல்லு போட்டது சுத்திவர, நிலம் கட்ட. கிணத்துக்கு மேல சிலாப். வேனுக்குக் கீழ இரும்பு மூடி கிடக்கு, அதுக்குக் கீழ தண்ணி அப்பிடியே கிடக்கு, அடுப்படிக்கு ஒரு குழாயும் போகுது. ஒரு எட்டு உள்ள வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். தெருவுல நிண்டு ஏசித்துப் போயித்தீங்க."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல. கேக்காம அவளும் சொல்லப்படா எண்டு நான்தான் சத்தியம் வாங்கின. அவ வாயால சொல்லல்லதான்." வேன்காரர் கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நாலு நோம்பும் கஞ்சி குடிச்சது நீங்கதானே? அது எந்தத் தண்ணி எண்டு நினைச்சீங்க?"

அவர் பீரிசைத் தூக்கினார். பொத்தானைப் பார்த்தார். மறுபடி மூடினார். மறுபடி தூக்கினார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். இந்த முறை எங்களுக்குப் பயம் வரவில்லை. எழுந்து, வாங்க மச்சான், பார்ப்போம் என்றார்.

வேன்காரரைத் தன் சைக்கிளின் கரியரில் ஏற்றிக்கொண்டு அவர்தான் மிதித்தார். நாங்கள் பின்னால் இரண்டு சைக்கிளில் போனோம். சாய்ந்தமருதுக்குப் போனதும் முதல் வேலை வேனைத் தள்ளுவது. டீசல் இல்லாத வேனை ஐந்து பேரும் சேர்ந்து தெருவுக்குத் தள்ளினோம். மாதக்கணக்காக அசையாத வேன் தெருவுக்கு வந்ததைக் கண்ட அக்கம்பக்கம், டீசல் வந்துவிட்டது என்று முடிவு கட்டியது. கொஞ்ச நேரத்தில் கேனும் கையுமாக ஒரு கூட்டம் வாசலில் நின்றது. எங்கே கொடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். சிவா கிணற்றைக் காட்டினான். ஒருவர் அவனை நன்றாக ஏசிவிட்டுப் போனார்.

இரும்பு மூடியை இவரே நெம்பித் தூக்கினார். உள்ளே இருட்டில் தண்ணீர் மினுங்கியது. வாளி விட்டு அள்ளினார். ஒரு கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லாரும், கேன்காரர்கள் உட்பட, அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினார்.

ராத்தா வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளே வாங்க காக்கா என்று கூப்பிட்டாள். அவர் வரவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். சுவர் ஓரத்தில் இருந்த பைப் சொட்டிக்கொண்டிருந்தது.

"இரு, வாறன்," என்றார். "வாசர் போயித்து. தண்ணி வீணாகுது."

நாலு வருடத்துக்குப் பிறகு அந்த வளவுக்குள் வந்தவர் அந்த வளவில் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சட்டைப்பையைத் தடவினார். அவருடைய சட்டைப்பையில் வாசர் இல்லாமல் இருக்குமா? குந்திப் பைப்பைக் கழற்றத் தொடங்கினார். வேன்காரர் வந்து பக்கத்தில் குந்தி, பிடித்துக்கொடுத்தார். இரண்டு பேருமாக அந்த வாசரை மாற்றினார்கள். ஒரு பைப்புக்கு இரண்டு ஆள் தேவையில்லை. நான் அப்பால் திரும்பிக்கொண்டேன், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"நாலு வருசம் வீணாப் போயித்து மச்சான்," என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"கிடக்கட்டும் மச்சான்," என்றார் வேன்காரர்.

பாதியில் நின்ற ஆட்டத்தை அடுத்த வெள்ளிக்கிழமை முடித்தோம். முடிக்காத ஆட்டமும் வீண்தானே. வேன்காரர் கிணற்றைத் தூர்க்கவில்லை. பீரிசைத் தூக்கி வைத்துவிட்டு வழி விட்டார். இவருடைய ஆட்களும் கைதிகளும் வயிறு முட்டக் குடித்தார்கள். அப்படியும் பெற்றோல் பாரத்தில், கண்ணுக்கெட்டிய தூரத்தில் முகாம் தெரியும்போது லொறிகள் புதைந்தன. தோல்விதான். தோற்ற தளபதி எல்லாருக்கும் தேநீர் சொன்னார்.

நிக்காஹ் அன்று சஹன் வைக்கும்போது அவரையும் வேன்காரரையும் எதிர் எதிராக உட்கார வைத்தோம். நானும் நவாஸும் சிவாவும் பக்கத்தில். ஆறாவது இடத்தில் யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர், என்ன நடக்கிறதென்று தெரியாமல் நிம்மதியாகச் சாப்பிட்டார். சோறு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் நடுவில் ஒரு இறைச்சித் துண்டு மட்டும் மிஞ்சியது. இவர் அதை மச்சான் பக்கம் தள்ளினார். வேன்காரர் இவர் பக்கம் தள்ளினார். நீங்க எடுங்க என்று மறுபடி அந்தப் பக்கம். இல்ல, நீங்க எடுங்க என்று மறுபடி இந்தப் பக்கம். நாங்கள் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோதும் அது நடந்துகொண்டிருந்தது.

அடுத்த பந்திக்கு நேரமாகி, சஹன் எடுக்கிறவர் வந்து குனிந்தார். இப்போது காக்கா அதைத் தடுத்து, கைலேஞ்சியை விரித்து, கிடக்கட்டும், உதவும் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. மச்சானைப் பார்த்துச் சிரித்தபடியே கையை எடுத்துக்கொண்டார். சஹன் போனது, அந்தத் துண்டோடு. அவர் வீணாக்கி நான் கண்ட ஒரே பொருள் அதுதான்.